கதைக்குள் வரும் பழைய தோட்டம்



பழைய காலத் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதப்படும் கதைகளுக்கு நம்மிடையே என்றும் நல்ல வரவேற்பு உண்டு. பத்திரிகையில் வரும் தொடர்கதையை வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. அப்படிக் கேட்கும்போது, மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டி, "அந்தக் காலத்தில் அப்படி இல்லையே!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கதை அங்கேயே நின்றுவிடும். அதன்பின் கதாநாயகன் அழுதாலும் நம் கண் கலங்காது. எழுதியவர் அந்தக் காலத்தை அறியாதவர் என்ற எண்ணம் மனத்தில் விழுந்துவிடுகிறது.

இன்றைய பேச்சில், கோலசிலாங்கூரிலும் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியிலும் இருந்த தோட்டங்களை எடுத்துக்கொண்டு, பழைய காலத்துக் கதை எழுதுவோரும் படிப்போரும் கவனிக்க வேண்டிய சில சிறு செய்திகளைப் பார்ப்போம். சிறு செய்திகள் என்றாலும், நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள், யாருக்கு அஞ்சினார்கள், எதை எதிர்த்தார்கள் என்பதெல்லாம் அவற்றுக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

முதலில் ஒரு கதையின் தொடக்கத்தை நாமே கற்பனை செய்துகொள்வோம். "1908ஆம் ஆண்டில் முனியன் ரஜூலா கப்பலில் ஏறி, போர்ட் கிள்ளானில் வந்து இறங்கினான். கோலசிலாங்கூரில் அப்போதுதான் காடு வெட்டிய புதுத் தோட்டத்தில் சேர்ந்து, மறுமாதமே பால் வெட்டத் தொடங்கினான். கிடைத்த சம்பளத்தில் மூன்று ரிங்கிட்டை ஊரிலிருந்த தாய்க்கு அனுப்பினான்." கேட்பதற்குக் குறையொன்றும் இல்லாதது போலத் தோன்றுகிறது. ஆனால் இந்த நான்கு வரிக்குள் நான்கு பிழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரஜூலா என்ற பெயரைக் கேட்டாலே நம் பெரியவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி அந்தக் கப்பலில் வந்தவர்கள்தாம். ஆனால் அந்தக் கப்பல் கட்டப்பட்டதே 1926ஆம் ஆண்டில். 1970களின் தொடக்கம் வரை அது சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே 1908இல் முனியன் ரஜூலாவில் ஏறியிருக்க முடியாது. அவன் ஏறியது அதற்கு முந்திய நீராவிக் கப்பல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அவன் இறங்கிய துறைமுகம். 1901இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972ஆம் ஆண்டில்தான் அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றினார்கள். இதைப் போலவே, பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொல்லி வந்த ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. 1963 செப்டம்பர் 16க்கு முன்னால் நடக்கும் கதையில் யாரும் "மலேசியா போகிறேன்" என்று சொல்லமாட்டார்கள். "மலாயா" என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது பிழைதான் பெரிய பிழை. காடு வெட்டிய மறுமாதம் பால் வெட்ட முடியுமா? கன்று நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆன பிறகுதான் மரம் உளிக்குத் தயாராகும். இது நமக்குத் தெரியாத விஷயமன்று. ஆனாலும் கதை எழுதும்போது மறந்துவிடுகிறோம். 1906இல் காடு அழித்து நட்ட தோட்டத்தில் 1911, 1912 அளவில்தான் மங்கில் பால் விழுந்திருக்கும். அதுவரை நம்மவர் என்ன செய்தார்கள்? கால்வாய் வெட்டினார்கள். பாதை போட்டார்கள். லாலான் புல்லை மண்வெட்டியால் கொத்திக் கொத்தி மாய்ந்தார்கள். பால் வெட்டுக்கு முந்திய அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதப்பட்ட கதைகள் மிகக் குறைவு. எழுத நினைக்கும் இளைஞர்களுக்கு இங்கே ஒரு முழு நாவலுக்கான இடம் காத்திருக்கிறது.

நான்காவது, ரிங்கிட். அந்தப் பெயர் நாட்டின் நாணயத்துக்கு அதிகாரப்பூர்வமாக வந்தது 1975இல். நம்மவர் வாயில் அன்றும் இன்றும் வருவது வெள்ளியும் காசும்தான். கதையிலும் அப்படியே எழுதுவது பொருந்தும்.

சரி, முனியன் எந்த முறையில் வந்தான்? இதுவும் ஆண்டைப் பொறுத்தது. 1910 வரை சஞ்சிக் கூலி முறை இருந்தது. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர் அந்தக் காலம் முடியும் வரை தோட்டத்தைவிட்டுப் போக முடியாது. போனால் சட்டப்படி குற்றம். 1910இல் இந்த முறைக்குப் புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்ட, அந்த நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. கங்காணிகள் உரிமச் சீட்டோடு தங்கள் சொந்த ஊருக்குப் போய், உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார்கள். கரை இறங்கியதும் நேரே தோட்டத்துக்குப் போய்விட முடியாது. பினாங்கில் ஜெரெஜாக் தீவிலோ, பிற்காலத்தில் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ நோய்த் தடுப்பு முகாமில் சில நாள் இருக்க வேண்டும். 1938இல் இந்திய அரசாங்கம் இந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்தது. ஆகவே 1939இல் கங்காணி ஒருவர் கிராமத்துக்கு வந்து கூட்டமாக ஆள் சேர்ப்பதாக எழுதினால் அது பொருந்தாது.

கங்காணியைப் பற்றி இன்னொரு செய்தி. பழைய கதைகளில் கங்காணி விடியுமுன் லயத்து வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டு போவார். ஏன் அப்படிச் செய்தார்? சம்பளத்தோடு, தம் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்குத் தலைக்காசு என்று அவருக்குத் தனியாகக் கிடைத்தது. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பியதற்கு இந்தத் தலைக்காசும் ஒரு காரணம். இதை அறிந்து எழுதினால், கங்காணி வெறும் கொடியவராகவோ வெறும் நல்லவராகவோ இல்லாமல், ஓர் ஏற்பாட்டுக்குள் அகப்பட்ட மனிதராகக் கதையில் வருவார்.

காய்ச்சல் என்றதும் மலேரியா நினைவுக்கு வருகிறது. மலேரியாவே இல்லாமல் பழைய தோட்டக் கதை இல்லை. ஆனால் எல்லாத் தோட்டத்திலும் அது ஒரே மாதிரி வரவில்லை. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் இதை நுட்பமாகக் கவனித்தார். ஜெராம், கோலசிலாங்கூர் போன்ற தாழ்ந்த கரையோர நிலத்தில், நிழல் படிந்த சதுப்புக் காட்டு நீரில் வளரும் கொசுதான் நோயைப் பரப்பியது. அங்கே காட்டை வெட்டி, கால்வாய் எடுத்து, வெயில் படச் செய்தபோது காய்ச்சல் குறைந்தது. ஆனால் கோலக்குபு பக்கத்து மலைச்சரிவு நிலங்களைப் போன்ற இடங்களில் கதை நேர் எதிரானது. அங்கே நோயைப் பரப்பும் கொசு வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் முட்டையிடும். காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டதும் காய்ச்சல் பெருகியது. பிறகுதான் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும், நிலத்தடிக் குழாய் பதிப்பதும் வந்தன. கொயினா மாத்திரையின் கசப்பைப் பெரியவர்கள் கடைசிவரை மறக்கவில்லை. ஆகவே, உங்கள் கதை நடக்கும் தோட்டம் கரையோரமா, மலையடிவாரமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அதைப் பொறுத்து, காடு வெட்டிய பிறகு லயத்தில் அழுகை குறையும் அல்லது கூடும்.

அடுத்து, சம்பளமும் விலைவாசியும். 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதால், அது 144 பென்ஸுக்கும் அதிகம். 1932இல் அதே ஒரு ராத்தல் 3 பென்ஸுக்கும் கீழே விழுந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நம் குடும்பங்களின் கதை முழுவதும் இருக்கிறது. 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று சம்பளம் வகுக்கப்பட்டிருந்தது. விலை வீழ்ந்ததும் அதையும் குறைத்தார்கள். வேலை இல்லையென்று பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டுகளில் நடக்கும் கதையில், சம்பள உயர்வு கேட்கும் காட்சியைவிட, "நம் பெயர் பட்டியலில் இருக்குமோ?" என்று இரவெல்லாம் விழித்திருக்கும் காட்சிதான் உண்மைக்கு நெருக்கமானது.

கடைச் சாமானை எழுதும்போது கிலோ என்று எழுதிவிடாதீர்கள். அரிசியும் மீனும் காத்திக் கணக்கில் வாங்கப்பட்டன. ஒரு காத்தி ஏறக்குறைய 600 கிராம். நூறு காத்தி ஒரு பிக்குல். தூரத்துக்கு மைல், கட்டை. "ஆறாம் கட்டைத் தோட்டம்" என்றால் எல்லாருக்கும் விளங்கும். 1972இல் சட்டம் வந்த பிறகுதான் படிப்படியாகக் கிலோவும் கிலோமீட்டரும் புழக்கத்துக்கு வந்தன. அரிசியும் பெரும்பாலும் ரங்கூன் அரிசியாகவே இருந்தது. அதனால்தான் ஜப்பானியர் காலத்தில் கப்பல் நின்றதும் மரவள்ளிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பாட்டும் பத்திரிகையும்கூட ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வெளிவந்தது. அதற்கு முன்னால் நடக்கும் கதையில் இளைஞன் சினிமாப் பாட்டை முணுமுணுக்க முடியாது. அவன் பார்த்தது கூத்து, கேட்டது காமன் பாட்டும் பஜனையும். பெரிய கிராணி கையில் தமிழ் நேசன் இருப்பதாக எழுதினால், கதை 1924க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு விவரம். ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டம் கூறியதற்கும் மரத்தடியில் நடந்ததற்கும் இடையில் இருந்த தூரத்தை எழுத்தாளர்தாம் காட்ட வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. 1982 ஜனவரி முதல் நாள் நம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தோம். அதற்கு முன் சூரியன் எழுந்தது கடிகாரப்படி இன்றைக்கு அரை மணி முன்னதாக. ஆகவே 1970இல் நடக்கும் கதையில் காலை ஏழு மணிக்கு வெளிச்சம் நன்றாக வந்திருக்கும். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை இதற்கு நேர்மாறு. அவர்கள் தோக்கியோ நேரத்தையே இங்கும் நடத்தினார்கள். முந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் அதிகம். அதனால் கடிகாரத்தில் எட்டு மணி ஆன பிறகுதான் பொழுது விடியும். ஆட்சி மாறினால் சூரியனும் தாமதமாக எழுந்தது என்று சொல்லும்படி இருந்தது அந்தக் காலம். பெரட்டு மணி அடிப்பதை வைத்துத் தொடங்கும் கதைக்கு இது எத்தனை முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது சைக்கிளைப் பற்றிப் பேசுவோம். ஒரு கதையில் தொழிலாளி சைக்கிளில் வருகிறான். எதிரே துரை வருகிறார். தொழிலாளி இறங்கி நிற்கிறான். இதை எழுத்தாளர் "மரியாதைக்காக இறங்கினான்" என்று எழுதிவிட்டால், ஒரு வரலாறே மறைந்துபோகும். அது மரியாதை அன்று, கட்டாயம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கி மாநிலத்தின் மற்றப் பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடு, துரையின் முன் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. கள்ளுக்கடையை மூடவும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி தரவும் கேட்டார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதம் கைதானார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படையும் போலீசும் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தார்கள். சில காசு சம்பள உயர்வுக்காக மட்டும் அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையும் அதில் இருந்தது. ஒரு சிறு விவரத்தைத் தவறாக எழுதினால், ஐந்து உயிர்கள் எதற்காகப் போயின என்பதையே தவறாக எழுதியவர்கள் ஆகிவிடுவோம்.

அதே ஆண்டு டிசம்பரில் போர் வந்தது. 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் கோலசிலாங்கூர்க் கரையில் இறங்க முயன்றார்கள். ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. அதன் பிறகு வந்த வாழைமர நோட்டு, சாக்குத் துணி, சயாம் ரயில் ஆகிய மூன்றையும் நம் குடும்பங்கள் மறக்கவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

போர் முடிந்து மூன்றாண்டுகளுக்குள், 1948 ஜூன் மாதத்தில் அவசரகாலம் தொடங்கியது. 1960 ஜூலை இறுதிவரை அது நீடித்தது. அந்த ஆண்டுகளில் நடக்கும் கதையில் சில காட்சிகள் மாறியாக வேண்டும். அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து முள்கம்பி வேலி போட்டார்கள். 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டியதாயிற்று. உணவு காட்டுக்குள் இருப்போருக்குப் போய்விடக் கூடாது என்று, பல இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துப் போவதையே தடுத்தார்கள். வாசலில் உடலையும் தூக்குச் சட்டியையும் சோதித்தார்கள். ஆகவே 1952இல் மனைவி உச்சி வேளையில் நிரைக்குள் நடந்து கணவனுக்குச் சோறு கொண்டுபோகும் இனிய காட்சியை எழுதுமுன் சற்று யோசிக்க வேண்டும். வடசிலாங்கூரில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய துயரம், 1948 டிசம்பர் 12இல் பத்தாங் காலி அருகே ரப்பர் தோட்டம் ஒன்றில் நடந்தது. பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் ஆயுதமில்லாத சீனத் தொழிலாளர் 24 பேர் மாண்டார்கள். தோட்டக் கதை என்றால் நம் கதை மட்டும் அன்று என்பதையும் இது நினைவூட்டுகிறது.

இனி, கோலசிலாங்கூருக்கே உரிய ஒரு செய்திக்கு வருவோம். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் இந்தப் பக்கம் வந்து, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் போட்டார். செம்பனை விதைகளைச் சுமத்ராவிலிருந்து கொண்டுவந்து முதலில் தம் இடத்தில் நட்டார். பிறகு 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில் அது வணிகப் பயிராக நடப்பட்டது. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். தென்னமரம் என்ற பெயரைச் சொல்லும்போதே நம் மொழி காதில் விழுகிறது அல்லவா?

அந்த ஃபோக்கோனியே பின்னர், தாம் கண்ட மலாயாவை நினைவிலிருந்து எழுதி ஒரு நாவல் ஆக்கினார். 'மலேசி' என்ற அந்த நாவல் 1930இல் வெளிவந்து, பிரான்ஸ் நாட்டின் உயர்ந்த இலக்கியப் பரிசாகிய கோன்கூர் பரிசைப் பெற்றது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது. அந்த நாவலில் தோட்டத்துத் தமிழரும் வருகிறார்கள். நம் முன்னோர் களை பிடுங்கிய மண், பாரிஸ் நகரத்தில் பரிசு பெற்றது என்று நாம் மகிழலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அது குன்றின்மேல் கட்டிய துரை வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து பார்த்த தோட்டம். அங்கிருந்து பார்த்தால் காடும் நதியும் அழகாகத் தெரியும். லயத்து அடுப்பங்கரையில் புகையும் ஈர விறகு தெரியாது. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, மார்பில் பால் கட்டிய வலியோடு மரத்துக்கு மரம் ஓடும் தாயின் காலை நேரம் தெரியாது. அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்ததை அவர் எழுதினார். நமக்குத் தெரிந்ததை நாம்தான் எழுத வேண்டும்.

எழுதியவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துச் சென்ற அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் நூலாக வந்தது. அ. ரெங்கசாமி சயாம் ரயிலையும் அவசரகாலத்தையும் நாவல்களாக்கினார். இவற்றைப் படிக்கும்போது கதையோடு, அதில் வரும் சாமான்களையும் வழக்கங்களையும் கவனித்துப் பாருங்கள்.

செம்பனையைப் பற்றியே இன்னும் எழுதப்படாதது எவ்வளவோ இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். இன்று செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு வண்டு. அந்த வண்டு ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு 1981இல்தான் இங்கே விடப்பட்டது. அதற்கு முன் பல தோட்டங்களில் அந்த வேலையை மனிதக் கைகளே செய்தன. பெண்கள் மகரந்தத் தூளை எடுத்துக்கொண்டு, முள் நிறைந்த மட்டைகளுக்கு இடையே கையை நீட்டி, பூ பூவாக ஊதி வந்தார்கள். வண்டு வந்ததும் அந்த வேலை மறைந்தது. அதைச் செய்த பெண்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் பாட்டிமார் ஆகிவிட்டார்கள். கருவி எப்படி இருந்தது, ஒரு நாளைக்கு எத்தனை மரம், முள் குத்தினால் என்ன மருந்து, என்ன பாட்டுப் பாடினார்கள் என்பதை அவர்கள்தாம் சொல்ல முடியும்.

நேயர்களே, நம் பேச்சின் முக்கியமான இடம் இதுதான். தோட்டத்தின் ஒரு பக்கத்துச் செய்திகள் கம்பெனிக் கணக்கிலும் அரசாங்க அறிக்கையிலும் பத்திரமாக இருக்கின்றன. எத்தனை ஏக்கர், எத்தனை ராத்தல், எத்தனை ஆள் என்பதையெல்லாம் இன்றும் எடுத்துப் பார்க்கலாம். மற்றொரு பக்கம் நம் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. வடசிலாங்கூரில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, வீடமைப்புப் பகுதிகள் ஆயின. லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறின. இடத்தைப் பார்த்து நினைவு கூர்வதற்கு இடமும் இல்லாத நிலை. ஒரு முதியவர் மறையும்போது, யாரும் எழுதிவைக்காத ஒரு நூல் அவரோடு போய்விடுகிறது.

ஆகவே நாம் ஒன்று செய்யலாம். பெரிய படிப்பு வேண்டாம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றும் பேனாவும் போதும். வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், "என்னத்தைச் சொல்ல, கஷ்டப்பட்டோம்" என்று முடித்துவிடுவார்கள். பொருளைப் பிடித்துக் கேளுங்கள். "தாத்தா, பெரட்டில் யார் எங்கே நிற்பார்கள்? இருட்டில் மரம் வெட்ட என்ன விளக்கு வைத்திருந்தீர்கள்? மழை பெய்தால் பேர் விழுமா? பாட்டி, காண்டாவில் இரண்டு வாளிப் பாலையும் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? பால் ஸ்டோரில் எடை போடும்போது யார் எழுதுவார்கள்? சம்பள நாளில் மாலை என்ன சமைத்தீர்கள்? தீபாவளிச் சேலை எந்தக் கடையில், எப்படிக் கடன்?" இப்படிக் கேட்டால் ஒரு கேள்விக்குப் பத்துக் கதை வரும்.

ஆண்டு அவர்களுக்கு நினைவிருக்காது. அதனால் குற்றமில்லை. அறிந்த நிகழ்ச்சி ஒன்றோடு சேர்த்துக் கேளுங்கள். "ஜப்பான்காரன் வருவதற்கு முன்னாலா, பின்னாலா? கோலக்குபு பாரு மலைப்பாதையில் கர்னி துரையைச் சுட்டபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? மெர்டேக்கா அன்று மூத்த பிள்ளை நடந்ததா, தவழ்ந்ததா?" கர்னி சுடப்பட்டது 1951 அக்டோபர். மெர்டேக்கா 1957 ஆகஸ்டு 31. இந்த முளைக்குச்சிகளில் நினைவைக் கட்டிவிட்டால், ஆண்டு தானாகக் கிடைத்துவிடும். இருவர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள். அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "மங்கு" என்றால் மங்கு, "தீம்பார்" என்றால் தீம்பார். நல்ல தமிழாக்குகிறோம் என்று மாற்றிவிட்டால் அந்தச் சொல்லோடு காலமும் போய்விடும்.

இன்னொன்று. அவமானம் நிறைந்த செய்திகளைச் சொல்லும்போது பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அல்லது பேச்சை மாற்றுவார்கள். அப்போது வற்புறுத்த வேண்டாம். ஒரு வாரம் கழித்து அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள். யார் பெயரைச் சொல்லக் கூடாது என்கிறார்களோ அந்தப் பெயரை எழுதாதீர்கள். கதை எழுதுவோருக்கு வேண்டியது பெயரன்று, நடந்த விதம்.

அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து பிற்காலத்தில் ஒரு நாவல் பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். நாவல் வராவிட்டாலும், தன் கொள்ளுப்பாட்டி எந்தத் தோட்டத்தில், எத்தனை மரம் வெட்டினாள் என்பதை ஒரு பிள்ளை தெரிந்துகொண்டிருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகலுணவுக்குப் பிறகு, பெரியவர்கள் படுக்கப் போகுமுன், முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.